ஒரே தகட்டில் ஒரு கெண்டி

வட்டமான வெள்ளித் தகடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். குறுக்களவு 26 செ.மீ., கனம் 1.2 மி.மீ., எடை ஏறத்தாழ 670 கிராம். இதை எங்கும் வெட்டாமல், எதையும் ஒட்டாமல், சுத்தியலால் மட்டுமே தட்டி ஒரு லிட்டர் தண்ணீர் பிடிக்கும் கெண்டியாக்க வேண்டும். தகட்டின் விளிம்பைச் சுற்றி நூல் பிடித்து அளந்தால் கிட்டத்தட்ட 82 செ.மீ. வரும். செய்து முடித்த கெண்டியின் வாய் 7 செ.மீ. அகலம் என்று வைத்தால் அதன் சுற்றளவு 22 செ.மீ. மீதி 60 செ.மீ. எங்கே போயிற்று?

காகிதத்தில் இதைச் செய்து பார்த்தால் விளிம்பு முழுக்கச் சுருக்கம் விழும். துணியில் செய்தால் கொசுவம் வைக்க வேண்டியிருக்கும். வெள்ளியில் சுருக்கமும் இல்லை, கொசுவமும் இல்லை. விளிம்பில் இருந்த உலோகம் பக்கவாட்டில் நெருங்கி, கொஞ்சம் கனத்தும் கொஞ்சம் உயர்ந்தும் வேறு இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. திடப்பொருள் ஒன்று உடையாமல், உருகாமல் இப்படி இடம்பெயர்வதுதான் சீன வெள்ளிக் கெண்டியின் உண்மையான அதிசயம் என்பது என் கட்சி. விற்பவர்கள் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. தண்ணீர் மென்மையாகும், கிருமி சாகும், விஷம் தெரியும் என்றுதான் சொல்வார்கள். அந்தக் கதைக்குப் பிறகு வருவோம்.

தென்மேற்குச் சீனாவின் யுன்னான் மாகாணத்தில், தாலிக்கும் லிஜியாங்குக்கும் இடையில் ஹெச்சிங் என்றொரு மாவட்டம் இருக்கிறது. அங்குள்ள ஷின்ஹுவா கிராமத்தில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் பை இனத்தவர். கிராமத்துத் தெருக்களில் நடந்தால் வீட்டுக்கு வீடு சுத்தியல் சத்தம்தான். முன்பக்கம் கடை, பின்பக்கம் பட்டறை. இவர்களுடைய முன்னோர் ஊர் ஊராகப் போய்ப் பாத்திரம் அடைத்துக் கொடுத்த நாடோடிக் கைவினைஞர்கள். சிறு உலையையும் துருத்தியையும் தோளில் சுமந்துகொண்டு திபெத் வரை நடந்தவர்கள். செம்பு, பித்தளை, வெள்ளி என்று எது கையில் வந்தாலும் தட்டினார்கள். மடாலயங்களுக்கு விளக்கும் கிண்ணமும் செய்து கொடுத்தார்கள். இந்த ஊரை மையமாகக் கொண்ட ஹெச்சிங் வெள்ளி வேலைப்பாட்டை 2014இல் சீன அரசு தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

அந்த மண்ணில் வெள்ளி வேலை வேர்பிடித்ததற்குக் காரணம் உண்டு. மிங் அரசமரபின் இறுதிக்காலத்தில், 1637இல், சோங் யிங்ஷிங் என்ற அறிஞர் தொழில்நுட்பங்களைத் தொகுத்து ‘தியென்கோங் கைவூ’ என்ற நூலை வெளியிட்டார். வெள்ளி கிடைக்கும் மற்ற எட்டு மாகாணங்களின் விளைச்சலைச் சேர்த்தாலும் யுன்னானின் பாதிக்குக்கூடத் தேறாது என்ற பொருளில் அதில் எழுதியிருக்கிறார். ஈயத்தோடு கலந்து கிடைக்கும் வெள்ளியைப் பிரிக்கும் முறையையும் விவரிக்கிறார். சாம்பல் பரப்பிய உலையில் கலவையை உருக்கிக் காற்று ஊதினால் ஈயம் ஆக்சைடாக மாறிச் சாம்பலுக்குள் இறங்கிவிடும். வெள்ளி ஆக்சிஜனோடு சேர மறுத்து மேலே நிற்கும். இந்த மறுப்பு குணம் கடைசியில் தேநீர் வரைக்கும் வரப்போகிறது.

பட்டறையில் முதல் வேலை உருக்குவது. மூசையில் வெள்ளியைப் போட்டு ஊதினால் 962 டிகிரி செல்சியஸில் அது நீராகும். இங்கே ஒரு வினோதம் நடக்கிறது. ஆக்சிஜனோடு வேதிச்சேர்க்கை வேண்டாம் என்று ஒதுங்கும் வெள்ளி, உருகிய நிலையில் அதே ஆக்சிஜனை அப்படியே விழுங்கிக் கரைத்து வைத்துக்கொள்கிறது. தன் பருமனைப் போல் சுமார் இருபது மடங்கு வரை. குளிர்ந்து கட்டியாகும் நொடியில் அத்தனையையும் கக்கிவிடுகிறது. மேற்பரப்பு வெடித்துத் துப்பும், உள்ளே குமிழிகள் தங்கும். குமிழி தங்கிய கட்டியைத் தகடாக அடித்தால் அந்த இடம் பின்னால் கொப்புளமாக எழும்பும். பல நாள் வேலை வீண். அதனால்தான் உருகிய வெள்ளியின்மேல் கரித்துண்டைப் போட்டுக் காற்றைத் தடுக்கிறார்கள், வெண்காரம் தூவுகிறார்கள். கரி ஆக்சிஜனைத் தான் தின்றுவிடும். வெண்காரம் கண்ணாடிபோல் உருகி அழுக்கை இழுத்துக்கொள்ளும்.

கட்டியைத் தகடாக்கும் வேலையை இன்று பெரும்பாலும் இயந்திர உருளையும் விசைச்சுத்தியலும் பார்த்துக்கொள்கின்றன. அதில் குறையொன்றும் இல்லை. கலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

தட்டுபவர் மரக்கட்டையில் நட்ட இரும்புமுளையின்மேல் தகட்டைச் சாய்த்துப் பிடிக்கிறார். நடுவிலிருந்து தொடங்கி வளையம் வளையமாக வெளியே நகர்ந்துகொண்டே அடிக்கிறார். அடி விழும் இடம் முளையைத் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்துக்குச் சற்று மேலே, அந்தரத்தில் இருக்கும் பகுதியில். அங்கே அடித்தால் வெள்ளி நசுங்காது, உள்நோக்கி ஒடுங்கும். நேராக முளையின்மேல் வைத்து அடித்தால் உலோகம் மெலிந்து பரவும். கெண்டிக்குத் தேவை ஒடுக்கம், பரப்பல் வேண்டாம். ஒவ்வொரு சுற்றிலும் விளிம்பு ஓரிரண்டு மில்லிமீட்டர் உள்ளே வரும். அவசரப்பட்டால் விளிம்பில் சின்ன அலை எழும். அந்த அலையை உடனே தட்டி அமுக்காமல் விட்டால் அது மடிப்பாகும், மடிப்பு விரிசலாகும், விரிசல் விட்ட தகடு மூசைக்குத் திரும்பும்.

எத்தனை அடி? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அடிக்கு அடி ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி என்றால் 26 செ.மீ. தகட்டை ஒருமுறை முழுக்கச் சுற்றிவர 2,100 அடி. பதினைந்து சுற்று என்று வைத்தால் முப்பதாயிரத்தைத் தாண்டுகிறது. சிக்கலான வடிவங்களுக்குச் சுற்றுகள் இன்னும் கூடும்.

அடிக்க அடிக்க வெள்ளி விறைக்கிறது. இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகு சுத்தியல் எகிறும், சத்தம் மாறும். மந்தமாகக் கேட்டது கணீரென்று கேட்கத் தொடங்கும். அனுபவப்பட்டவர் அந்தச் சத்தத்தை வைத்தே நிறுத்திவிடுவார். இதற்கு மேல் அடித்தால் பிளக்கும் என்று அவருக்குத் தெரியும். ஏன் விறைக்கிறது என்பதற்கு விடை கிடைக்க 1934 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு டெய்லர், ஓரொவான், போலானி என்ற மூவர் தனித்தனியாக ஒரே விளக்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

உலோகத்தில் அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு வரிசை முழுவதையும் ஒரே நேரத்தில் அடுத்த வரிசையின்மேல் நகர்த்துவதற்கு அசுர பலம் வேண்டும். கல்யாண மண்டபத்தில் விரித்த பெரிய ஜமக்காளத்தை ஒருவர் பிடித்து இழுத்தால் அசையாது. ஒரு முனையில் சிறு மடிப்பு எழுப்பி அந்த மடிப்பை மறுமுனை வரை தள்ளிக்கொண்டு போனால், ஜமக்காளம் முழுவதும் ஒரு விரல் அளவு நகர்ந்திருக்கும். அணு அடுக்கிலும் அப்படிப்பட்ட பிசகுகள் உண்டு. கோடுகோடாக உள்ளே ஓடும் இந்தப் பிசகுகள் நகர்வதால்தான் உலோகம் வளைகிறது. வெள்ளியின் அணு அடுக்கில் அவை வழுக்கிச் செல்ல ஏற்ற தளங்கள் நிறைய இருப்பதால் அது இவ்வளவு இணக்கமாக நடந்துகொள்கிறது.

ஆனால் ஒவ்வோர் அடியும் புதிய பிசகுகளைப் பிறப்பிக்கிறது. அவை ஒன்றோடொன்று மோதிச் சிக்கிக்கொள்கின்றன. பதமாகக் காய்ச்சிய உலோகத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்குள் இருக்கும் பிசகுக் கோடுகளை நீட்டி வைத்தால் பத்து கிலோமீட்டர் அளவில் தேறும். நன்றாக அடி வாங்கிய உலோகத்தில் அதே ஒரு கன சென்டிமீட்டரில் பத்து லட்சம் கிலோமீட்டர். நிலவுக்குப் போய்த் திரும்பி வந்தாலும் மிச்சம் இருக்கும். அத்தனை நெரிசலில் எதுவும் நகர முடியாது. அதுதான் விறைப்பு.

மறுபடி இளக்க ஒரே வழி நெருப்பு. சூடு ஏறும்போது அணுக்களுக்கு நடமாட்டம் வருகிறது. சிக்கல் விழுந்த பழைய படிகங்களுக்கு நடுவே புதிய, சிக்கலற்ற படிகங்கள் முளைத்துப் பழையவற்றை விழுங்கி வளர்கின்றன. பதம் பார்க்கக் கண்தான் கருவி. 1847இல் ஜான் டிரேப்பர் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஒன்றைக் கண்டறிந்து சொன்னார்: எந்தத் திடப்பொருளும் ஏறத்தாழ 525 டிகிரி செல்சியஸில்தான் மங்கிய சிவப்பாகக் கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது. வெள்ளியோ தங்கமோ இரும்போ, பொருளைப் பொறுத்து இது மாறுவதில்லை. ஆகவே மங்கிய சிவப்பு என்பது இயற்கை இலவசமாகக் கொடுத்த வெப்பமானி. ஒரே நிபந்தனை, பட்டறை இருட்டாக இருக்க வேண்டும். வெயில் விழும் முற்றத்தில் அந்தச் சிவப்பு தெரியாது. தெரியும்போது சூடு எக்கச்சக்கமாக ஏறியிருக்கும். அப்படி ஏறினால் வெள்ளி உருகாவிட்டாலும் படிகங்கள் தாறுமாறாகப் பெருத்துவிடும். அதற்குப் பிறகு தட்டும்போது மேற்பரப்பு சொரசொரவென்று எழும்பும். ‘ஆரஞ்சுத் தோல்’ என்றே உலோகத் தொழிலில் அதற்குப் பெயர்.

கெண்டியின் மூக்கு தனிக் கதை. எளிய வழி, மூக்கைத் தனியாகச் சுருட்டிச் செய்து, உடலில் துளையிட்டுப் பொடி வைத்து ஊதிப் பற்றவைப்பது. கடினமான வழி, உடலோடு சேர்த்தே அதே தகட்டிலிருந்து மூக்கை எழுப்புவது. இதற்கு ஒரு பக்கத்தில் முன்கூட்டியே அதிக உலோகத்தைச் சேகரித்து வைத்துக்கொண்டு, உள்ளிருந்து நெம்பி, வெளியிலிருந்து ஒடுக்கி, மொட்டாக எழும்பியதை மெல்ல மெல்லக் குழாயாக்க வேண்டும். ஜப்பானில் நிகாத்தா பகுதியின் சுபாமே நகரில் 1816இல் தொடங்கிய கியோகுசென்டோ பட்டறை செம்பில் இதைச் செய்வதற்குப் பேர் பெற்றது. இன்று ஷின்ஹுவாவில் வெள்ளியில் செய்கிறார்கள். பற்றவைத்த மூக்குக்கும் தகட்டிலிருந்தே எழுப்பிய மூக்குக்கும் விலை வித்தியாசம் கண்ணைக் கட்டும். கெண்டிக்குள் விளக்கடித்துப் பார்த்து, மூக்கு தொடங்கும் இடத்தில் பற்றவைத்த வரி தெரிகிறதா என்று தேடுவது வாங்குபவர்களின் வழக்கம்.

ஒட்டில்லாத கெண்டியின் மதிப்பு வெறும் பெருமைக்கானது என்று நினைத்துவிட வேண்டாம். சீன வெள்ளிக் கெண்டிகள் பெரும்பாலும் 99 அல்லது 99.9 சதவீதத் தூய வெள்ளி. இங்கிலாந்தின் ஸ்டெர்லிங் வெள்ளியில் 7.5 சதவீதம் பெரும்பாலும் செம்பு இருப்பதால் அதற்கு இயல்பிலேயே உறுதி உண்டு. தூய வெள்ளிக்கு அது கிடையாது. நெருப்பில் இளக்கிய தூய வெள்ளியின் கடினம் விக்கர்ஸ் அளவில் 25, 30 என்று நிற்கும். அழுத்திப் பிடித்தால் பள்ளம் விழும். சுத்தியலடி அதை மூன்று மடங்கு வரை உயர்த்துகிறது. எனவே கடைசிச் சுற்றுத் தட்டலுக்குப் பிறகு கெண்டியை நெருப்பில் காட்டவே கூடாது. வெளிப்புறம் முழுக்க மீன் செதிலாகத் தெரியும் அந்தச் சுத்தியல் தழும்புகளை வாங்குபவர் அழகு என்று பார்க்கிறார். உண்மையில் அந்தப் பாத்திரம் நசுங்காமல் நிற்பது அவற்றின் தயவில்தான். மூக்கைப் பற்றவைக்கப் போனால் ஊதுகுழலின் சூடு சுற்றியிருக்கும் பகுதியை மறுபடி இளக்கிவிடும். ஒரே தகட்டுக் கெண்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. இயந்திரத்தில் அழுத்தியெடுத்து, அதன்மேல் தழும்புகளை அச்சடித்துக் கொடுக்கும் கெண்டிகளும் சந்தையில் ஏராளம். தழும்புகள் மிகச் சீராக, இம்மி பிசகாமல் இருந்தால் சந்தேகப்படலாம்.

உருவம் முடிந்த பின் சித்திரம். உள்ளே அரக்கை உருக்கி ஊற்றுகிறார்கள். ஊசியிலை மரப் பிசினோடு மண்தூளும் எண்ணெயும் கலந்த கலவை அது. ஆறினால் இறுகி உளியடியைத் தாங்கும், ஆனால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். தகடு கிழியாமல் சித்திரம் பதிவது இந்த விட்டுக்கொடுப்பால். வகைவகையான நுனிகளோடு டஜன்கணக்கில் உளிகள் வரிசையில் நிற்கும். பெரும்பாலான உளிகள் வெள்ளியைச் செதுக்கி எடுப்பதில்லை, தள்ளி மட்டுமே வைக்கின்றன. தாமரை இதழுக்குப் பக்கத்தில் பள்ளம் விழுந்தால் அந்த வெள்ளி இதழுக்குள் போயிருக்கும். முடிந்ததும் லேசாகச் சூடாக்கி அரக்கை வடித்துவிட்டு, படிகாரத் தண்ணீரில் கொதிக்க வைக்கிறார்கள். கருத்துப் போயிருந்த மேற்பரப்பு பால்வெள்ளையாகத் திரும்பும்.

இந்தக் கைத்திறன் எவ்வளவு பழையது என்பதைப் புதையல்கள் காட்டுகின்றன. 1970இல் ஷியான் நகரின் தென்புறத்தில் ஹெஜியாகுன் என்ற இடத்தில் தோண்டியபோது, தாங் அரசமரபின் காலத்துப் பொருள்கள் ஆயிரத்துக்கும் மேல் கிடைத்தன. பொன், வெள்ளிக் கலங்கள் மட்டுமே சுமார் 270. அவற்றில் ஒரு வெள்ளிக் குடுவை, நாடோடிகளின் தோல்பை வடிவம். இரண்டு பக்கமும் வாயில் கிண்ணத்தைக் கவ்விக்கொண்டு நடனமாடும் குதிரை புடைத்து நிற்கிறது. பேரரசர் ஷுவான்சோங்கின் பிறந்தநாளில் ஆடிய குதிரைகளை நினைவூட்டும் சித்திரம் அது. குதிரைக்கு மட்டும் தங்கமுலாம். தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துக் களிம்பாக்கிப் பூசி, சூடாக்கிப் பாதரசத்தை ஆவியாக விரட்டினால் தங்கம் ஒட்டிக்கொண்டு நிற்கும். முலாம் பூசியவர்களின் நுரையீரலுக்குள் என்ன போயிற்று என்பதை எந்த அருங்காட்சியகப் பலகையும் சொல்வதில்லை.

தேநீரோடு நேரடித் தொடர்புள்ள கண்டெடுப்பு 1987இல் நடந்தது. ஷியானுக்கு மேற்கே ஃபாமென் கோயிலின் இடிந்த கோபுரத்துக்கு அடியில், 874இல் மூடி முத்திரையிட்ட நிலவறை திறக்கப்பட்டது. உள்ளே பேரரசர் ஷிசோங்கின் தேநீர்ச் சாமான்கள் இருந்தன. தேயிலைக் கட்டியைப் பொடிக்கும் உருளைக் கல்வம், பொடியைச் சலிக்கும் இழுப்பறை வைத்த சல்லடைப் பெட்டி, உப்புத் தட்டு, எல்லாமே முலாம் பூசிய வெள்ளி. கல்வத்தில் அரண்மனைப் பட்டறையின் பெயரும் 869ஆம் ஆண்டைக் குறிக்கும் வாசகமும் பொறித்திருக்கின்றன. கூடவே நிலவறையில் வைத்த பொருள்களின் கணக்கைச் செதுக்கிய கல்வெட்டு வேறு. தொல்லியலாளர்களுக்கு இப்படிச் சரக்குப் பட்டியலோடு புதையல் கிடைப்பது லாட்டரி.

ஆனால் அந்தச் சாமான்களில் தேநீர்க் கெண்டி இல்லை. இருக்கவும் முடியாது. தாங் காலத்தில் தேயிலையைப் பொடித்துக் கொதிக்கும் நீரில் போட்டு உப்போடு காய்ச்சினார்கள். சோங் அரசமரபின் காலத்தில் பொடியைக் கிண்ணத்தில் இட்டு வெந்நீர் வார்த்து அடித்து நுரைக்க வைத்தார்கள். அந்த வெந்நீரை வார்க்கும் கலம் பொன்னிலோ வெள்ளியிலோ இருப்பது நலம் என்று 1107 வாக்கில் பேரரசர் ஹுய்சோங்கே எழுதி வைத்தார். இலையை அப்படியே வெந்நீரில் ஊறவைக்கும் வழக்கம் பரவியது அதன் பிறகுதான். மிங் அரசமரபை நிறுவிய பேரரசர் 1391இல் தேயிலைக் கட்டிகளைத் திறையாகச் செலுத்துவதை நிறுத்தி, உதிரி இலையே போதும் என்று ஆணையிட்டார். இலைக்குக் கெண்டி தேவைப்பட்டது. யிஷிங் ஊரின் களிமண் கெண்டி புகழ் பெற்றது அந்த வாசலில் நுழைந்துதான். ஆயினும் 1597இல் தேநீரைப் பற்றி எழுதிய ஷூ சிஷூ, பிற வாடையை ஏற்றுக்கொள்ளாத கலமே நல்ல கலம் என்று சொல்லி வெள்ளிக்கு முதலிடமும் வெள்ளீயத்துக்கு அடுத்த இடமும் கொடுத்தார். எட்டாம் நூற்றாண்டில் தேநீரைப் பற்றி எழுதிய லூ யூவும் வெள்ளிக் கலத்தின் தூய்மையை ஒப்புக்கொண்டிருந்தார். ஆடம்பரம் என்று ஒரு கொட்டு வைத்துவிட்டுத்தான்.

வெள்ளிக் கலங்கள் அருகியே மிஞ்சியிருப்பதற்குக் காரணம், சீனத்தில் அந்நாளில் வெள்ளியே பணம். ஜப்பானிலிருந்தும், மணிலா வழியாகத் தென் அமெரிக்காவின் பொட்டோசி மலையிலிருந்தும் வந்து குவிந்த வெள்ளியைக் கொண்டு வரி கட்டினார்கள். கஷ்டகாலத்தில் கெண்டி மூசைக்குப் போகும். அதனால் செய்தவர் பெயரோடு மிஞ்சியவை அபூர்வம். 1345இல் ஜூ பிஷான் செய்து பெயர் பொறித்த, பட்டமரப் படகு வடிவ வெள்ளி மதுக்கிண்ணம் பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருப்பது அப்படியோர் அபூர்வம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கான்டன் நகரத்துப் பட்டறைகள் ஐரோப்பியர்களுக்காகக் கெண்டி செய்தபோது நிலைமை மாறியது. வியாபாரிகள் கொண்டுவந்த ஸ்பானிய வெள்ளி நாணயங்களை உருக்கி, ஆங்கிலேய பாணியில் கெண்டி செய்து, லண்டன் முத்திரையைப் பார்த்துப் போலி முத்திரையும் குத்திக் கொடுத்தார்கள். வாங்கியவர்களும் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

இனி விற்பவர்களின் கதை. வெள்ளிக் கெண்டியில் காய்ச்சினால் தண்ணீர் மென்மையாகிவிடும் என்பார்கள். தண்ணீரின் கடினம் கால்சியத்தாலும் மக்னீசியத்தாலும் வருவது. கொதிக்கும்போது அதில் ஒரு பகுதி வெள்ளைப் படிவாக அடியில் தங்கும், அது அலுமினியப் பாத்திரத்திலும் நடக்கும். வெள்ளிக்கு அதில் பங்கில்லை. கிருமி? வெள்ளி அயனிகள் மிகச் சிறிய அளவிலேயே நுண்ணுயிர்களைக் கொல்லும் என்பது உண்மை, 1893இல் கார்ல் நேகேலியின் ஆய்வு வெளியான காலந்தொட்டே தெரிந்தது. ஆனால் கொதிக்கிற தண்ணீரில் வெள்ளி கொல்வதற்கு யார் மிச்சம் இருக்கிறார்கள்?

விஷக் கதைக்கு மட்டும் ஒரு சுவையான அடிப்படை உண்டு. 1247இல் சோங் சி எழுதிய பிணப் பரிசோதனை நூலில், இறந்தவர் வாயில் வெள்ளி ஊசியை வைத்து நஞ்சைச் சோதிக்கும் முறை வருகிறது. தூய வெள்ளைப் பாஷாணம் வெள்ளியைக் கருக்காது. அந்நாளில் பாஷாணத்தைச் சுத்தமாக எடுக்கத் தெரியாததால் அதில் கந்தகச் சேர்மங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஊசியைக் கருக்கியது கந்தகம். அவித்த முட்டையின் மஞ்சள்கருவும் அதே வேலையைச் செய்யும். அந்தச் சோதனையில் எத்தனை நிரபராதிகள் மாட்டினார்களோ.

உண்மையான சிறப்பு வேறு இரண்டு. முதலாவது, ஷூ சிஷூ சொன்ன மௌனம். தேநீரில் பாலிஃபீனால்கள் நிறைய. அவை இரும்பைச் சந்தித்தால் கருநீலச் சேர்மமாகும், பழைய காலத்து எழுதும் மையின் வேதியியல் அது. ஈயம் பூசாத செம்பு தன் ருசியை இறக்கும். தேநீரின் லேசான அமிலத்துக்கு வெள்ளி அசைந்து கொடுக்காது. உலையில் ஆக்சிஜனை மறுத்த அதே குணம். களிமண்போல நுண்துளைகளில் பழைய தேநீரின் வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்வதும் இல்லை. மென்மையான பச்சைத் தேநீரின் வாசம் அப்படியே வருகிறது என்று பிரியர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வெள்ளி எதையும் சேர்ப்பதில்லை.

இரண்டாவது, வெப்பம். உலோகங்களில் வெப்பத்தை மிக வேகமாகக் கடத்துவது வெள்ளிதான், மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 429 வாட். துருப்பிடிக்காத எஃகு வெறும் 15 அளவில். அப்படியானால் வெள்ளிக் கெண்டியில் தேநீர் சீக்கிரம் ஆறிப்போக வேண்டுமே? அதுதான் இல்லை. சுவர் எவ்வளவு வேகமாகக் கடத்தினாலும், வெளிப்பரப்பிலிருந்து வெப்பம் காற்றுக்கும் அறைக்கும் போனால்தான் உள்ளே ஆறும். போகும் வழிகளில் ஒன்று கதிர்வீச்சு. 1804இல் ஸ்காட்லாந்தின் ஜான் லெஸ்லி, ஒரு கனசதுரப் பெட்டியில் வெந்நீரை ஊற்றி, ஒரு முகத்தைப் பளபளப்பாகவும் இன்னொன்றைக் கரி பூசியும் வைத்துச் சோதித்தார். பளபளப்பான உலோக முகம் மிகக் குறைவாகவே வெப்பத்தை வீசியது. மேலோட்டமாகக் கணக்கிட்டால், 90 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் மண்கெண்டி கதிர்வீச்சில் சுமார் 24 வாட்டை இழக்கும். மெருகேற்றிய வெள்ளிக் கெண்டி ஒரு வாட்டுக்கும் கீழே. காற்றோட்டத்தில் இரண்டுமே 20 வாட் அளவில் இழக்கின்றன. மூடியைச் சரியாக மூடினால் வெள்ளியில் ஆறும் வேகம் கிட்டத்தட்ட பாதி.

ஊற்றியதும் விழுங்கும் சூடும் குறைவு. 650 கிராம் வெள்ளிக் கெண்டியில் ஒரு லிட்டர் கொதிநீரை ஊற்றினால் கெண்டி சூடாவதற்காகத் தண்ணீர் இழப்பது இரண்டரை டிகிரி. அதே எடை மண்கெண்டி எட்டு, ஒன்பது டிகிரியைத் தின்றுவிடும். தேயிலை இறங்குவதில் இந்த வித்தியாசம் நாக்குக்கே தெரியும்.

வேகமாகக் கடத்தும் குணத்தால் கைதான் அவதிப்படும். கைப்பிடி உள்ளீடற்றதாக இருக்கும், மேலே பிரம்பு சுற்றியிருக்கும், அல்லது கருங்காலி மரத்தில் இருக்கும். கான்டன் கெண்டிகளில் கைப்பிடிக்கும் உடலுக்கும் நடுவே தந்தத் துண்டு ஒன்றைச் செருகிச் சூட்டின் வழியை அடைத்தார்கள்.

பளபளப்பு போனால் வெப்பம் காக்கும் திறனும் கொஞ்சம் போகும். காற்றில் இம்மியளவு இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு பட்டு வெள்ளி சல்ஃபைடு படலம் படிகிறது. மெல்லியதாக இருக்கும்போது மஞ்சள், கனக்கக் கனக்கப் பழுப்பு, ஊதா, கடைசியில் கறுப்பு. நம் வீடுகளில் விபூதி போட்டுத் தேய்ப்பதுபோல் தேய்த்தால் கறுப்போடு வெள்ளியும் சேர்ந்து போகும். அலுமினியத் தாள் விரித்த பாத்திரத்தில் வெந்நீரும் சமையல் சோடாவும் கலந்து, கெண்டி அந்தத் தாளைத் தொடும்படி வைத்தால் போதும். கந்தகம் அலுமினியத்திடம் போய்விடும், வெள்ளி கெண்டியிலேயே தங்கிவிடும். லேசாக அழுகிய முட்டை நாற்றம் வந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். பிரம்பு சுற்றிய கைப்பிடியை மட்டும் நனைக்க வேண்டாம்.

கறுப்பைவிடப் பெரிய ஆபத்து வெறும் அடுப்பு. உள்ளே தண்ணீர் இருக்கும்வரை வெள்ளியின் சூடு நூறு டிகிரிக்கு மேல் அதிகம் ஏறாது, தட்டித் தட்டி ஏற்றிய விறைப்புக்கும் சேதமில்லை. தண்ணீர் வற்றிய பிறகும் அடுப்பு எரிந்துகொண்டிருந்தால், சிவப்புத் தெரியும் சூடுகூட வேண்டாம், தூய வெள்ளி இருநூற்றுச் சொச்சம் டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். பார்வைக்கு ஒரு மாற்றமும் இருக்காது. அடுத்த முறை தண்ணீர் நிரப்பித் தூக்கும்போது விரல் பட்ட இடம் அமுங்கும். கெண்டியைத் திரும்பப் பட்டறைக்குத்தான் எடுத்துப் போக வேண்டும், அங்கே மறுபடி ஒரு சுற்றுத் தட்டித் தருவார்கள்.